குடும்ப மருத்துவருக்கு ஒரு குழு: பணமாகக் கொடுப்பதா, ஆளாகக் கொடுப்பதா?

ஒரு குடும்ப மருத்துவரின் பொறுப்பில் 2,500 பேர் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மருத்துவ வழிகாட்டு நெறிகள் சொல்கிற அத்தனையையும் அவர் ஒருவரே செய்தால் எவ்வளவு நேரம் பிடிக்கும்? அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர் 2022-ல் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். நாளொன்றுக்கு 26.7 மணி நேரம் என்று விடை வந்தது. தடுப்பு மருத்துவத்துக்கு 14.1 மணி, சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்ற நாள்பட்ட நோய்களுக்கு 7.2, திடீரென்று வரும் தொல்லைகளுக்கு 2.2, குறிப்பு எழுதவும் செய்திகளுக்குப் பதில் சொல்லவும் 3.2. நாளில் இருப்பதே 24 மணி. இதே வேலையை நர்ஸ், மருந்தாளுநர், உணவு ஆலோசகர், உதவியாளர் என்று பிரித்துக் கொடுத்தால் மருத்துவரின் பங்கு 9.3 மணியாக இறங்கிவிடுகிறது.

இது காகிதக் கணக்குதான். இதற்காக எந்தக் கிளினிக்கிலும் யாரும் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு அளக்கவில்லை. ஆனாலும் சொல்லவந்தது புரிகிறது. தனி மருத்துவர் ஒருவரால் நல்ல முதல்நிலை மருத்துவத்தை, அதாவது மக்கள் எதற்கும் முதலில் நாடும் கவனிப்பை, தரவே முடியாது. அவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், எவ்வளவு நேரம் உழைத்தாலும் சரி. குழு வேண்டும் என்பதில் இப்போது பெரிய சண்டை எதுவும் இல்லை. அந்தக் குழுவை எப்படி உண்டாக்குவது, யார் சம்பளம் கொடுப்பது, அந்த ஆட்கள் எங்கே உட்கார்ந்து வேலை பார்ப்பது என்பதில்தான் ஆளுக்கொரு கருத்து.

முடிவெடுக்கும் இடத்தில் ஒரு சுகாதாரத் துறையோ காப்பீட்டு நிறுவனமோ இருக்கிறது, அதன் கையில் அளவான பணம் இருக்கிறது என்று கொள்வோம். நாடுகள் இதுவரை முயன்று பார்த்த வழிகள் பெரும்பாலும் நான்கு. மருத்துவருக்கான கட்டணத்தைக் கூட்டி, அவரே ஆள் எடுத்துக்கொள்ளட்டும் என்று விடலாம். அந்தக் கிளினிக்கில் வேலை செய்யும் ஆளுக்கான சம்பளத்தைத் தனியாகக் கொடுக்கலாம். பல கிளினிக்குகளுக்குப் பொதுவாக ஒரு குழுவை வைக்கலாம். அல்லது அரசே ஆள், கட்டடம் எல்லாவற்றோடும் நிலையத்தை நடத்தலாம். ஐந்தாவதாக இன்னொன்றும் இருக்கிறது. அது இந்த நான்குக்கும் போட்டி இல்லை, கூட்டாளி. அதைப் பின்னால் பார்ப்போம்.

முதலில் பட்டியல்

எந்த வழியில் போனாலும் முன்கூட்டியே முடித்துவைக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு: யார் யார் எந்தக் கிளினிக்கின் பொறுப்பு என்ற பட்டியல். இது இல்லாத இடத்தில், வருகிறவர்களை மட்டும்தான் கிளினிக் பார்க்கும். வராதவர்களைப் பற்றி அதற்குத் தெரியாது. எட்டு மாதமாக ரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ளாத ஒருவரைக் கூப்பிட்டு விசாரிக்க நர்ஸை நியமித்தால், அந்த நர்ஸ் யாரைக் கூப்பிடுவார்? பதிவுப் பட்டியல் இல்லாமல் குழுவுக்குப் பணம் கொடுப்பது, வேலை என்னவென்று சொல்லாமல் ஆளைச் சேர்ப்பதற்குச் சமம். அமெரிக்க ஆய்வாளர் தாமஸ் போடன்ஹைமரும் அவருடைய சகாக்களும் 2014-ல் எழுதிய 'பத்து அடித்தளங்கள்' கட்டுரையிலும் குழுவுக்கு முன்னால் வருபவை தலைமை, தரவு, நோயாளிப் பட்டியல் ஆகியவைதான். பட்டியல் தயாராக ஒரு வருடம் ஆகும் என்றால், அந்த ஒரு வருடத்தைச் செலவழிப்பதே நல்லது.

மருத்துவருக்குக் கூடுதல் பணம்

நிர்வாகத்துக்கு மிகவும் எளிதான வழி இது. கட்டண விகிதத்தை மாற்றி ஓர் ஆணை போட்டால் போதும். மருத்துவர் சங்கங்களும் எதிர்க்காது. ஆனால் எந்த வடிவில் கூட்டுகிறோம் என்பதைப் பொறுத்து விளைவு தலைகீழாக மாறும்.

ஒவ்வொரு வருகைக்கும் இவ்வளவு என்று கொடுக்கும் முறையில் குழு வளராது. காரணம் எளிது. நர்ஸ் போனில் பேசி ஒருவருடைய இன்சுலின் அளவைச் சரிசெய்துவிட்டால் மருத்துவருக்கு ஒரு வருகை போய்விடுகிறது, கூடவே வருமானமும். நர்ஸின் சம்பளமோ அவர் பையிலிருந்துதான் போகிறது. நல்ல வேலை செய்கிற கிளினிக் நஷ்டப்படும். இப்படிப்பட்ட கட்டணத்தைக் கூட்டினால் அதே ஓட்டம் இன்னும் வேகமாக ஓடும், அவ்வளவுதான்.

பட்டியலில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு இவ்வளவு என்று தலைக்கணக்கில் கொடுத்தால் இந்தச் சிக்கல் தீரும். நோயாளி வந்தாலும் வராவிட்டாலும் பணம் வரும். வேலையை யார் செய்தார் என்ற கேள்வியும் வராது. ஆனால் எவ்வளவு பங்கை இப்படி மாற்ற வேண்டும்? சஞ்சய் பாசுவும் உடன் ஆய்வாளர்களும் 2017-ல் அமெரிக்கக் கிளினிக்குகளின் வரவு செலவை வைத்து ஒரு மாதிரிக் கணக்கு போட்டார்கள். கிளினிக்கின் ஆண்டு வருமானத்தில் 63 சதவீதத்துக்கு மேல் தலைக்கணக்கில் வந்தால்தான் குழுவாக வேலை செய்வதும், நோயாளியை வரவழைக்காமலே கவனிப்பதும் கட்டுப்படியாகும் என்று கண்டார்கள். பல நாடுகளில் 'சீர்திருத்தம்' என்ற பெயரில் பத்து சதவீதத்தை மட்டும் மாற்றிவிட்டு, ஏன் எதுவும் மாறவில்லை என்று கேட்பதைப் பார்க்கும்போது இந்த எண்ணை யாராவது அவர்கள் மேசையில் ஒட்டிவைத்தால் தேவலை என்று தோன்றுகிறது.

தலைக்கணக்குக்கும் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. நோயில்லாத ஆட்களைப் பட்டியலில் சேர்த்துக்கொண்டு, சிக்கலானவர்களை மெதுவாகத் தவிர்க்கும் ஆசை வரும். வயது, பாலினம் மட்டும் பார்த்துத் தொகையை நிர்ணயித்தால் இது நிச்சயம் நடக்கும். நோயின் சுமை, வறுமை இரண்டையும் சேர்த்துத்தான் தொகை போட வேண்டும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 2023 பிப்ரவரியில் கொண்டுவந்த முறை வேறு மாதிரி: மருத்துவர் செலவழிக்கும் நேரம், நோயாளிச் சந்திப்புகள், பட்டியலில் இருப்பவர்களின் எண்ணிக்கையும் சிக்கலும் என்று மூன்றுக்கும் சேர்த்துப் பணம். மருத்துவர்களைக் குடும்ப மருத்துவத்துக்கு இழுக்க அது நல்ல வழி. குழுவை உண்டாக்க அது மட்டும் போதாது.

இந்த வழியின் அடிப்படைக் குறை இதுதான்: பணம் குழுவாக மாறும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. அது மருத்துவரின் வருமானமாகவும் தங்கிவிடலாம். அதில் தவறு என்று சொல்ல மாட்டேன், நிறைய இடங்களில் குடும்ப மருத்துவர்களின் வருமானம் உண்மையிலேயே குறைவு. ஆனால் அப்படியானால் அதைச் சம்பள உயர்வு என்றே அழைத்துவிடலாம், குழுத் திட்டம் என்று சொல்ல வேண்டாம்.

ஆளுக்குச் சம்பளம், கிளினிக்குக்குள்ளேயே

பிரிட்டனில் 1966-ல் வந்த குடும்ப மருத்துவர் ஒப்பந்தம் இந்த வழிக்குப் பழைய உதாரணம். கிளினிக் வைக்கும் நர்ஸ், வரவேற்பாளர் ஆகியோரின் சம்பளத்தில் 70 சதவீதத்தை அரசு திருப்பிக் கொடுத்தது. மீதி 30 மருத்துவருடையது. எனக்கு இந்த 70-30 ரொம்பப் பிடித்த ஏற்பாடு. முழுச் சம்பளத்தையும் வெளியார் கொடுத்தால் அந்த ஆள் 'அவர்கள் அனுப்பிய ஆள்'. சம்பளத்தில் ஒரு பங்கு தன்னுடையது என்றால் மருத்துவர் அவரைத் தேர்ந்தெடுப்பார், பயிற்சி கொடுப்பார், சும்மா உட்காரவிட மாட்டார். தனியாளாக இருந்த பிரிட்டிஷ் மருத்துவர்கள் ஒரே கூரையின் கீழ் சேர்ந்து, நர்ஸோடு வேலை செய்யப் பழகியதில் இந்த ஒப்பந்தத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

நெதர்லாந்தில் குடும்ப மருத்துவரின் கிளினிக்கிலேயே ஒரு துணைப் பணியாளர் இருப்பார். சர்க்கரை நோய், ஆஸ்துமா போன்றவற்றைத் தொடர்ந்து கவனிப்பது அவர் வேலை. 2008 முதல் மனநலத்துக்கும் இப்படி ஒருவரை வைத்துக்கொள்ள வழி செய்தார்கள். அவர் இருக்கும் அறை மருத்துவரின் அறைக்குப் பக்கத்தில். நோயாளி ஒருவர் நெஞ்சு படபடக்கிறது என்று வந்து, பரிசோதனையில் ஒன்றுமில்லை என்றால், 'பக்கத்து அறையில் ஒருவர் இருக்கிறார், பேசிப்பாருங்கள்' என்று சொல்ல முடிகிறது. வேறு கட்டடத்துக்குப் போகச் சொன்னால் பலர் போவதே இல்லை.

கனடாவின் ஒன்டாரியோவில் 2005-ல் 'குடும்ப சுகாதாரக் குழுக்கள்' தொடங்கின. நர்ஸ், சமூகப் பணியாளர், மருந்தாளுநர், உணவு ஆலோசகர் ஆகியோருக்கு மாகாணமே சம்பளம் கொடுத்தது. தலைக்கணக்கு அல்லது சம்பள முறைக்கு மாறிய மருத்துவர்களுக்குத்தான் இதில் இடம். பலன்? டாரா கிரன் குழுவினர் 2015-ல் வெளியிட்ட ஆய்வு சொல்வது: சர்க்கரை நோயாளிகளுக்குச் செய்ய வேண்டிய பரிசோதனைகள் மிதமான அளவில் கூடின, புற்றுநோய்ப் பரிசோதனைகளில் விளைவு அந்த அளவுக்குத் தெளிவாக இல்லை. 'மிதமான' என்பது அரசியல்வாதிகள் விரும்பும் வார்த்தை இல்லை. ஆனால் முதல்நிலை மருத்துவத்தில் நேர்மையான ஆய்வுகளில் கிடைப்பது பெரும்பாலும் மிதமான பலன்தான்.

ஒன்டாரியோவில் எனக்கு உறுத்தும் விஷயம் வேறு. விண்ணப்பித்து, திட்டம் எழுதி, தலைமையேற்று நடத்தத் தெரிந்த மருத்துவர்களிடம் குழுக்கள் போய்ச் சேர்ந்தன. மக்கள்தொகையில் ஏறத்தாழ கால்வாசிப் பேருக்குத்தான் அப்படிப்பட்ட குழு கிடைத்தது. பிறகு விரிவாக்கம் பல ஆண்டுகள் தேங்கிக் கிடந்தது. பக்கத்துப் பக்கத்துத் தெருவில் இருக்கும் இரண்டு பேரில் ஒருவருக்குச் சமூகப் பணியாளரும் உணவு ஆலோசகரும் இலவசம், இன்னொருவருக்கு மருத்துவர் மட்டும். காரணம் நோயாளியிடம் இல்லை. அவருடைய மருத்துவர் எந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார் என்பதில் இருக்கிறது. 2024 டிசம்பரில், கனடாவின் முன்னாள் சுகாதார அமைச்சர் ஜேன் ஃபில்பாட் தலைமையில் வேலையைத் தொடங்கிய செயற்குழுவும் 2029-க்குள் எல்லோரையும் முதல்நிலை மருத்துவத்தோடு இணைப்போம் என்ற இலக்கும் இந்தப் பழைய ஓட்டையை அடைக்கும் முயற்சிதான். விண்ணப்பித்தவருக்குக் கொடுப்பது என்று தொடங்கினால், தேவை அதிகம் இருக்கும் இடங்கள் கடைசியில் நிற்கும். முதல் சுற்றிலேயே இடத்தைத் துறை தேர்ந்தெடுக்க வேண்டும்.

இன்னொரு சாதாரணமான தடை: அறை. இரண்டு அறை கொண்ட கிளினிக்குக்கு மூன்று புதிய ஆட்களை அனுப்பினால் எங்கே உட்காருவார்கள்? சம்பளத்தோடு இடத்துக்கும் பணம் ஒதுக்காத திட்டங்கள் இங்கேதான் தடுக்கி விழுகின்றன.

பல கிளினிக்குகளுக்கு ஒரு குழு

ஒற்றை மருத்துவர் நடத்தும் கிளினிக்குக்கு முழுநேர மருந்தாளுநர் தேவைப்படாது. அதற்காக அவரைக் கைவிடவும் முடியாது. லாரன்ஸ் கசலினோவின் 2014 ஆய்வில், ஒன்றிரண்டு மருத்துவர்கள் மட்டும் இருந்த அமெரிக்கக் கிளினிக்குகளின் நோயாளிகள், 10 முதல் 19 மருத்துவர்கள் இருந்த கிளினிக்குகளின் நோயாளிகளைவிட, தவிர்த்திருக்கக்கூடிய காரணங்களுக்காக மருத்துவமனையில் சேர்ந்தது 33 சதவீதம் குறைவு. சின்னக் கிளினிக் என்றாலே பிற்போக்கு, எல்லோரையும் பெரிய கட்டடத்துக்குள் கொண்டுவந்தால் தரம் உயரும் என்று பேசுகிறவர்கள் இதைக் கொஞ்சம் பார்க்கலாம். சின்ன இடத்தில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். அதற்கு ஒரு மதிப்பு இருக்கிறது.

ஆகவே பகிர்ந்துகொள்ளும் குழு. இங்கிலாந்து 2019-ல் கிளினிக்குகளை 30,000 முதல் 50,000 பேர் கொண்ட வலையமைப்புகளாகச் சேர்த்தது. மருந்தாளுநர், பிசியோதெரபிஸ்ட், சமூக இணைப்பாளர் (நோயாளியை உள்ளூர் உதவிகளோடு சேர்த்துவைப்பவர்) போன்றவர்களின் சம்பளத்தை அந்த வலையமைப்புக்குக் கொடுத்தது. 26,000 பேரைச் சேர்ப்பது இலக்கு. அதைத் தாண்டியே சேர்த்தார்கள். ஆள் சேர்க்கும் வேகத்தில் மற்ற எந்த வழியும் இதற்கு அருகில் வராது.

ஆனால் சேர்ந்த பிறகு? சுகாதாரக் கொள்கையை ஆராயும் கிங்ஸ் ஃபண்ட் அமைப்பு 2022-ல் போய்ப் பார்த்தது. இந்தப் புதியவர்கள் எதற்கு வந்திருக்கிறார்கள் என்பதிலேயே கிளினிக்குகளுக்குள் ஒரே கருத்து இல்லை. மேற்பார்வை பார்க்க மருத்துவர்களுக்கு நேரமில்லை, உட்கார இடமும் போதவில்லை. திங்களன்று ஒரு கிளினிக், செவ்வாயன்று இன்னொன்று என்று சுற்றுகிறவர் எந்தக் குழுவிலும் ஆள் ஆவதில்லை, எல்லா இடத்திலும் விருந்தாளிதான். திட்டத்தில் இன்னொரு விநோதமும் இருந்தது: எந்தெந்தப் பதவிக்குப் பணம் என்று மத்தியில் முடிவு செய்ததால், கிளினிக் தனக்கு வேண்டியது ஒரு மருத்துவர்தான் என்றாலும் அந்தப் பணத்தில் மருத்துவரை எடுக்க முடியாது. புதிதாகத் தகுதி பெற்ற மருத்துவர்கள் வேலை தேடி அலைந்த பிறகு, 2024 அக்டோபரில்தான் அந்தக் கதவு திறந்தது.

பிரேசிலில் இதே எண்ணம் 2008-ல் வேறு பெயரில் வந்தது. குடும்ப சுகாதாரக் குழுக்களுக்குப் பின்னால் நின்று உதவ, உளவியலாளர், பிசியோதெரபிஸ்ட், உணவு ஆலோசகர் போன்றவர்கள் கொண்ட ஆதரவுக் குழுக்கள். நோயாளிகளைத் தனியாகப் பார்ப்பதோடு நில்லாமல், முன்னணிக் குழுவோடு உட்கார்ந்து சிக்கலான நோயாளிகளைப் பற்றிப் பேசுவது, கற்றுக்கொடுப்பது என்பது அவர்களுக்கு வைத்த வேலை. நல்ல வடிவமைப்பு. ஆனால் 2019-ல் நிதி முறை மாறியபோது இந்தக் குழுக்களுக்கென்று தனியாக வந்த பணம் நின்றுபோனது. 2023-ல் வேறு பெயரில் மறுபடி கொண்டுவந்தார்கள். பொதுவாக வைக்கும் குழு எந்தக் கிளினிக்குக்கும் முழுச் சொந்தமில்லை, அதனால் வெட்டு விழும்போது அதற்காகச் சண்டை போட ஆள் இருப்பதில்லை.

பகிர்ந்த நிபுணரைச் சரியாகப் பயன்படுத்திய உதாரணம் வேண்டுமென்றால், முதியவர்களின் மனச்சோர்வுக்கான 'இம்பாக்ட்' ஆய்வைச் சொல்வேன். 2002-ல் முடிவு வந்தது; 18 முதல்நிலைக் கிளினிக்குகள், 1,801 நோயாளிகள். ஒவ்வொரு கிளினிக்கிலும் பயிற்சி பெற்ற ஒரு பணியாளர் நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தார். மனநல மருத்துவரின் வேலை, அந்தப் பணியாளரோடு நோயாளிகளின் பட்டியலைத் தவறாமல் அலசி, முன்னேற்றம் இல்லாதவர்களுக்குச் சிகிச்சையை மாற்றச் சொல்வது. நேரில் பார்த்தது சிலரை மட்டும். ஓராண்டில் நோய்க்குறிகள் பாதியாவது குறைந்தவர்கள் 45 சதவீதம். வழக்கமான கவனிப்பில் 19 சதவீதம். முதல்நிலை மருத்துவத்தில் இவ்வளவு பெரிய வித்தியாசம் அபூர்வம். நிபுணர் பல இடங்களுக்குப் பொது. ஆனால் நோயாளிக்குத் தெரிந்த முகம் கிளினிக்கிலேயே இருந்தது. எதைப் பகிரலாம், எதைப் பகிரக் கூடாது என்பதற்கான பதில் எனக்கு இதில் கிடைத்துவிட்டது.

அரசே நடத்தும் நிலையம்

கோஸ்டாரிகா 1995-ல் தொடங்கியது இது: மருத்துவர், நர்ஸ் உதவியாளர், வீடு வீடாகப் போகும் சுகாதாரப் பணியாளர், பதிவேட்டுப் பணியாளர் சேர்ந்த குழு; ஏறத்தாழ 4,500 பேருக்கு ஒன்று. இப்போது ஆயிரத்துக்கும் மேல் குழுக்கள். சமூகப் பணியாளர், உளவியலாளர், உணவு ஆலோசகர் போன்றவர்கள் பல குழுக்களுக்குப் பொதுவாகப் பின்னால் இருக்கிறார்கள். யாரும் விடுபடாமல் நாடு முழுவதையும் எட்ட வேண்டும் என்றால் இதைவிடச் சுத்தமான வழி கிடையாது. ஒன்டாரியோவின் சமூக சுகாதார மையங்களும் சம்பள முறைதான். 2012-ல் வந்த ஓர் ஒப்பீட்டில், அவை ஏழைகளையும் நோய்ச்சுமை அதிகம் உள்ளவர்களையும் கவனித்தும்கூட, அவர்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போனது எதிர்பார்த்த அளவைவிடக் குறைவாக இருந்தது.

ஏற்கெனவே ஆயிரக்கணக்கான தனிக் கிளினிக்குகள் இருக்கும் இடத்தில் இதை முழுவதுமாகக் கொண்டுவருவது நடக்காத காரியம். மருத்துவர்கள் சம்பள ஊழியராக மாற மாட்டார்கள், மாறும்வரை மக்கள் காத்திருக்கவும் முடியாது. மருத்துவரே இல்லாத இடத்துக்கும், எந்தக் கிளினிக்கும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளத் தயங்குகிறவர்களுக்கும் இந்த வழியை ஒதுக்கிவைப்பது நியாயம்.

வழித்துணை

சரி, அந்த ஐந்தாவது. ஆளைக் கொடுத்தாலும் பணத்தைக் கொடுத்தாலும், நேற்றுவரை தனியாக வேலை செய்த மருத்துவர் இன்று காலையில் குழுத் தலைவர் ஆகிவிட மாட்டார். மருந்துச் சீட்டைப் புதுப்பிப்பதை யாருக்கு விடலாம், எந்த அளவு வரை நர்ஸே முடிவெடுக்கலாம், காலையில் பத்து நிமிடம் கூடிப் பேசும்போது எதைப் பேசுவது, கணினியிலிருந்து பட்டியலை எப்படி எடுப்பது என்று நூறு சின்ன விஷயங்கள் இருக்கின்றன. இதையெல்லாம் கூட இருந்து சொல்லிக்கொடுக்க, மாதத்துக்கு ஓரிரு முறை கிளினிக்குக்கு வரும் ஒருவரைத்தான் வழித்துணை என்கிறேன். சோதனைக்கு வரும் அதிகாரி இல்லை. குறை கண்டுபிடித்து மேலே எழுத மாட்டார். அந்த நம்பிக்கை இல்லாவிட்டால் எந்தக் கிளினிக்கும் தன் உண்மையான எண்களை அவரிடம் காட்டாது.

இதற்கு ஆதாரம் நன்றாகவே இருக்கிறது. கனடாவின் பாஸ்கர்வில், லிடி, ஹாக் மூவரும் 2012-ல் 23 ஆய்வுகளைச் சேர்த்து அலசினார்கள். வழித்துணை கிடைத்த கிளினிக்குகள் வழிகாட்டு நெறிகளைக் கடைப்பிடிக்கும் வாய்ப்பு மற்றவற்றைப்போல 2.76 மடங்கு. ஒருவர் கவனிக்கும் கிளினிக்குகளின் எண்ணிக்கை கூடக்கூடப் பலன் குறைந்தது என்பதையும் அவர்கள் கண்டார்கள். நிதித் துறை முதலில் கேட்பது 'ஒருவரே நாற்பது கிளினிக் பார்த்தால் என்ன?' என்றுதான். அதற்கான பதில் அந்தக் கட்டுரையிலேயே இருக்கிறது.

செலவில் இதுதான் மிகவும் குறைந்தது. பட்ஜெட் இறுகும்போது முதலில் வெட்டப்படுவதும் இதுதான், ஏனென்றால் திறப்பு விழா நடத்த இதில் ஒன்றும் இல்லை.

பணம் மிச்சமாகுமா?

ஆகாது என்று எடுத்துக்கொண்டே திட்டமிடுவது நல்லது. அமெரிக்காவில் 2017 முதல் 2021 வரை நடந்த 'சிபிசி பிளஸ்' திட்டத்தில், கிளினிக்குகளுக்கு மாதாமாதம் தலைக்கணக்கில் கூடுதல் தொகையும் தரவும் வழிகாட்டலும் கிடைத்தன. அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போவது கொஞ்சம் குறைந்தது. ஆனால் கொடுத்த கூடுதல் தொகையை ஈடுகட்டும் அளவுக்கு மிச்சம் வரவில்லை. மருத்துவர் செய்த வேலையை நர்ஸ் செய்வது பற்றிய காக்ரேன் என்ற ஆய்வு அமைப்பின் தொகுப்பாய்வும் (2018) இதே தொனியில்தான் பேசுகிறது: நோயாளிகளின் உடல்நலம் அதே அளவு அல்லது சற்று மேல், திருப்தி கொஞ்சம் அதிகம், ஆனால் ஒவ்வொரு சந்திப்பும் நீளம். ஐந்து வருடத்தில் மருத்துவமனைச் செலவு குறையும் என்று வாக்குக் கொடுத்துத் தொடங்கும் திட்டம், ஆறாவது வருடம் அந்த வாக்கினாலேயே மூடப்படும். தரத்துக்காகச் செய்கிறோம், மருத்துவர்கள் வேலையை விட்டு ஓடாமலிருக்கச் செய்கிறோம் என்று சொல்லிவிட்டுத் தொடங்கலாம்.

இன்னொரு விலையும் இருக்கிறது, அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. குழு பெரிதாகும்போது நோயாளிக்குத் 'தன் டாக்டர்' தொலைந்துபோகலாம். நார்வேயில் நடந்த ஆய்வு ஒன்றில், ஒரே குடும்ப மருத்துவரிடம் 15 ஆண்டுகளுக்கு மேல் இருந்தவர்கள், ஓராண்டுக்குள்ளேயே இருந்தவர்களோடு ஒப்பிட்டால், இறக்கும் வாய்ப்பு 25 சதவீதமும் திடீரென்று மருத்துவமனையில் சேரும் வாய்ப்பு 28 சதவீதமும் குறைவு. ஒவ்வொரு முறையும் வேறு முகத்தைப் பார்க்கும் குழு, இதில் பாதியைத் தூக்கி எறிகிறது. அலாஸ்காவின் பூர்வகுடி மக்களுக்கு மருத்துவம் பார்க்கும் சவுத்சென்ட்ரல் அறக்கட்டளை இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறது. ஒவ்வொரு நோயாளிக்கும் நிரந்தரமான சின்னக் குழு: மருத்துவர், நர்ஸ், மருத்துவ உதவியாளர், நிர்வாக உதவியாளர். நால்வரும் ஒரே இடத்தில் சேர்ந்து உட்கார்கிறார்கள். மனநல ஆலோசகர் போன்றவர்கள் இப்படிப்பட்ட பல குழுக்களுக்குப் பொது. நோயாளிக்கு நான்கு பெயர் தெரிந்தால் போதும்.

என் தேர்வு

தனிக் கிளினிக்குகள் நிறைந்த, பட்டியல் ஏற்கெனவே இருக்கிற அல்லது உருவாக்கக்கூடிய ஓர் இடத்துக்கு என்றால், நான் இரண்டாவது வழியை, கிளினிக்குக்குள்ளேயே ஆளுக்குச் சம்பளம் என்பதை, முதுகெலும்பாக வைப்பேன். ஒரு நர்ஸ், ஒரு உதவியாளர். இருவரும் கிளினிக்கிலேயே, முழுநேரம், அந்த மருத்துவரே தேர்ந்தெடுத்தவர்கள். சம்பளத்தில் பெரும்பகுதி துறையுடையது, ஒரு பங்கு கிளினிக்குடையது. ஏழைப் பகுதிக் கிளினிக்குக்கு அந்தப் பங்கையும் தள்ளுபடி செய்யலாம். இந்த இருவருக்கு அப்பால் இருப்பவர்களை (மருந்தாளுநர், மனநலம், பிசியோ, சமூகப் பணி) அக்கம்பக்கத்துக் கிளினிக்குகள் பகிர்ந்துகொள்ளட்டும். ஆனால் ஒருவருக்கு மூன்று நான்கு கிளினிக்குக்கு மேல் வேண்டாம். எந்த நாளில் எங்கே என்பது மாறவும் கூடாது. எந்தப் பதவி வேண்டும் என்பதை மத்தியிலிருந்து சொல்லாமல், கிளினிக்குகளே சேர்ந்து முடிவு செய்யட்டும்.

கட்டண முறையில் தலைக்கணக்கைப் பாதிக்கு மேல் கொண்டுபோகாமல் இதைத் தொடங்கினால், அந்த நர்ஸ் ஒரு வருடத்தில் ரத்த அழுத்தம் பார்த்து எழுதும் உதவியாளர் ஆகிவிடுவார். முழு மாற்றம் உடனே முடியாது என்றால், முடிகிற கிளினிக்குகளோடு மட்டும் தொடங்குவது மேல். எல்லோருக்கும் அரைகுறையாகக் கொடுப்பதில் பயனில்லை. அந்தக் கிளினிக்குகளில் பாதியாவது தேவை அதிகமான பகுதிகளில் இருக்க வேண்டும் என்பதை மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. விண்ணப்பம் எழுதத் தெரியாத மருத்துவருக்கு எழுதிக்கொடுக்க வழித்துணையை அனுப்பலாம். வழித்துணையின் முதல் வேலையாகவே அது இருக்கட்டும்.

மருத்துவர் பற்றாக்குறை மிகக் கடுமையாக இருந்தால் என் வரிசை மாறும். அங்கே நாலாவது வழியான அரசு நிலையம்தான் முதலில், நர்ஸ் முன்னணியில், மருத்துவர் பல நிலையங்களுக்குப் பொது. பட்டியலே இல்லாத, நோயாளிகள் நினைத்த கிளினிக்குக்குப் போகிற இடமாக இருந்தால் எந்த வழிக்கும் இப்போதைக்குப் பணம் போட மாட்டேன், பதிவுக்கும் கணினிக்கும் வழித்துணைக்கும் மட்டும் போடுவேன்.

ஒப்பந்தத்தில் எழுதவேண்டியவை அதிகமில்லை. குறைந்தது ஐந்து ஆண்டு உறுதி, ஏனென்றால் வருடா வருடம் புதுப்பிக்கும் வேலைக்கு நல்ல நர்ஸ் வர மாட்டார். அறைக்கும் மேசைக்கும் ஒரு தொகை. மருத்துவர் மேற்பார்வை செய்யும் நேரத்துக்குக் கட்டணம். வாரத்தில் இரண்டு மணி நேரமாவது. அளவீடுகள் நான்கைந்து போதும்: நோயாளி தன் சொந்தக் குழுவை எத்தனை முறை பார்த்தார், வேண்டும்போது சந்திப்பு கிடைக்க எத்தனை நாள் ஆனது, ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருப்பவர்கள் எத்தனை பேர், ஊழியர்களில் எத்தனை பேர் வேலையை விட்டுப் போனார்கள். பிரிட்டன் 2004-ல் தர அளவீடுகளுக்குப் பணம் கொடுக்கத் தொடங்கியபோது நூற்றுக்கும் மேற்பட்ட குறியீடுகளை வைத்து, பிறகு வருடங்கள் போகப்போகக் குறைத்துக்கொண்டே வந்தது. முதல் இரண்டு ஆண்டுகள் இந்த எண்களைப் பணத்தோடு கட்டவே வேண்டாம். கிளினிக்குக்குக் காட்டினால் போதும்; மூன்றாம் ஆண்டு, வழித்துணையும் மருத்துவர்களும் சேர்ந்து எது சரியான எண் என்று ஒத்துக்கொண்ட பிறகு, ஒரு சின்னத் தொகையை அதோடு சேர்க்கலாம்.